பென்ஃபோல்டின் படங்களில் விசில் கிடையாது

1

ஓசூரில் எங்கள் பழைய தொழிற்சாலை நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு சிறு பத்திரிகை நடத்துகிறார்கள். அதன் ஆசிரியர் போன மாதம் போன் செய்தார்.

"உங்க நாடகக் கொட்டாயில ஒரு வெள்ளைக்கார டைரக்டரு இருந்தாரு, செத்துட்டாருன்னு சொன்னீங்களே. வருசம் திரும்பப் போவுது இல்ல? அவரோட பழகுனத எழுதுங்க சார். நாலு பக்கம் போதும்."

"அவரை ஓசூர்ல யாருக்குத் தெரியும்?"

"தெரியாததாலதான் எழுதச் சொல்றன். தெரிஞ்சவங்களப் பத்தியே போட்டுப் போட்டு சலிச்சுப் போச்சு."

நியாயமான பேச்சு. ரோலண்ட் பென்ஃபோல்ட் என்ற பெயர் இங்கிலாந்திலேயே இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. நாற்பது நாடகங்களுக்கு மேல் இயக்கியவர், மூன்று சினிமா எடுத்தவர். தொண்ணூறு வயதில் தூக்கத்தில் போய்ச் சேர்ந்தார். நாலு பக்கம் என்ன, நாற்பது பக்கம் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் கிழித்தேன்.

காரணம் இதுதான். பென்ஃபோல்டின் வாழ்க்கையை எழுதினால் ஒரு விசிலைப் பற்றி எழுத வேண்டும். அவருடைய விசிலை எழுதிவிட்டு என்னுடையதை மறைத்தால் அது அயோக்கியத்தனம். ஓசூரில் எனக்கு மாதேஷ் என்று ஒரு கூட்டாளி இருந்தான். இருபத்து மூன்று வருடங்களுக்கு முன்னால் கிரேனில் தொங்கிய பாரம் மோதிச் செத்துப்போனான். அந்த விசாரணையில் நான் ஒரு பொய் சொன்னேன். அதை அவன் மனைவி மஞ்சுளாவிடம் சொல்லாமல் அச்சில் போட எனக்கு உரிமை கிடையாது. அவளிடம் சொல்லவும் தைரியம் வரவில்லை. கட்டுரை தாமதமானதற்கு ஆசிரியர் மன்னிக்க வேண்டும். இதை என் முழுப் பெயரோடுதான் போட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

2

நான் இரண்டு தடவை புலம்பெயர்ந்தவன். அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வந்தபோதே எனக்கு அது வெளிநாடுதான். வீட்டுக்காரர் தெலுங்கு பேசுவார், பால்காரர் கன்னடம் பேசுவார், சூப்பர்வைசர் இங்கிலீஷில் திட்டுவார். மாதேஷ் ஊத்தங்கரைப் பக்கம் கல்லாவிக்காரன். இந்த மூன்றோடு தமிழும் சேர்த்து நாலிலும் கடன் கேட்கத் தெரிந்தவன் என்று அவனே சொல்லிக்கொள்வான். என் தமிழ் மட்டும் அவனுக்குச் சிரிப்பு.

"இன்னாடா இது, அங்கிட்டு இங்கிட்டுன்னு. மாடு ஓட்றியா, பேசறியா?"

அவன்தான் எனக்கு ரூம் பிடித்துக் கொடுத்தான், பஸ் நம்பர் சொல்லிக் கொடுத்தான், என் கல்யாணத்துக்கு அருப்புக்கோட்டை வரைக்கும் வந்து பந்தியில் பரிமாறினான். என் மனைவி சுமதி நர்ஸ். அவளுக்கு இங்கிலாந்தில் வேலை கிடைத்து, அவளைப் பிடித்துக்கொண்டு நானும் வந்தேன். அப்போது மாதேஷ் செத்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது.

இங்கே முதலில் கிடங்கில் பெட்டி அடுக்கினேன், பிறகு பஸ் கழுவினேன். அதன்பின்தான் இந்த ஊர் நாடக அரங்கில் வேலை கிடைத்தது. மேடைக்கு மேலே ஐம்பது அடி உயரத்தில் ஒரு பரண் இருக்கும். அங்கே நின்று ஒரு கயிற்றை இழுத்தால் அரண்மனை இறங்கும், இன்னொன்றை இழுத்தால் காடு மேலே ஏறிவிடும். பாரம் தூக்கிப் பழகியவன் என்பதால் என்னை எடுத்துக்கொண்டார்கள். பதினைந்து வருடமாக அதுதான் என் உத்தியோகம். காலை பத்து மணிக்குப் போனதும் கயிறுகளைத் தடவிப் பார்ப்பேன். பாரத்துக்கு ஈடாக மாட்டும் எடைக்கட்டிகளை எண்ணுவேன். டீ போட்டுக்கொள்வேன். இந்த ஊர் டீயைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

சேர்ந்த முதல் வாரம் ஒரு பெரிய இரும்புச் சட்டத்தை மேலே ஏற்றினோம். நான் கீழே நின்றிருந்தேன். ஓசூரில் எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. பாரத்தைக் கட்டி, மேலே கேபினில் இருக்கும் ஆபரேட்டருக்குக் கைஜாடை காட்டுகிறவன், பாரம் நகர்வதற்கு முன்னால் நீளமாக ஒரு விசில் கொடுக்க வேண்டும். மாதேஷுக்குப் பிறகு நான் விசில் இல்லாமல் ஒரு நட்டைக்கூட நகர்த்தியதில்லை. இங்கே கழுத்தில் விசில் இல்லை. அதனால் இரண்டு விரலை வாயில் வைத்து அரங்கமே அதிர ஊதினேன்.

எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள். மேடை மேனேஜர் கரேன் ஓடிவந்து என் தோளைப் பிடித்தாள். "வெளியே போ. மூன்று சுற்று சுற்று. கதவைத் தட்டி, உள்ளே வரலாமா என்று கேள்." நம் ஊரில் திருஷ்டி சுற்றிப்போடுவார்கள், இங்கே நம்மையே சுற்றச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு தெருவில் நின்று மூன்று சுற்று சுற்றினேன். ஒரு நாய்க்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

பிறகு கரேன் விளக்கினாள். அந்தக் காலத்தில் பரணில் கயிறு இழுத்தவர்கள் கப்பல் வேலை விட்டு வந்தவர்கள். விசில்தான் அவர்கள் பாஷை. தெரியாமல் யாராவது விசிலடித்தால், தங்களுக்குத்தான் உத்தரவு என்று நினைத்து மேலிருந்து பாரத்தை இறக்கிவிடுவார்கள். அதனால் நாடக அரங்கில் விசில் என்றால் சாவு. ஓசூரில் உயிரைக் காப்பாற்ற ஊதியது இங்கே உயிரை வாங்குகிற காரியம்.

எல்லோரும் சிரித்து முடித்துவிட்டார்கள். ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. பார்வையாளர் நாற்காலிகளுக்கு நடுவே, படிக்கட்டில் ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. கையிலிருந்த காகிதக் கோப்பை நடுங்கிக் காப்பி முழங்கால் மேல் சிந்திக்கொண்டிருந்தது. அவர்தான் அந்த நாடகத்தின் இயக்குநர், பென்ஃபோல்ட்.

3

அவர் ஒரு துறைமுக ஊரில் பிறந்தவர். அப்பா மீன்வலை பழுது பார்க்கிறவர். பத்தொன்பது வயதில் கடற்கரை நாடக அரங்கு ஒன்றில் மேடை வேலைக்குச் சேர்ந்தார். ஒரே வருடத்தில் அதை விட்டுவிட்டு லண்டனுக்குப் போனார். நடிக்க முயற்சி செய்து தோற்றார். பெரிய இயக்குநர் ஒருவருக்கு எடுபிடியாக இருந்து, முப்பது வயதுக்குள் தானே இயக்கத் தொடங்கிவிட்டார்.

ஒத்திகையில் அவர் மொத்தமாகச் சொல்வது ஒரே வாக்கியம்தான். "நான் நம்பவில்லை. மறுபடியும்." பதினோராவது தடவையும் அதே குரலில் சொல்வார். நடிகைகள் அழுவார்கள், நடிகர்கள் கதவை அறைவார்கள். அவர் சட்டைப் பையிலிருந்து மிட்டாய் எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். ஆனால் யாரையும் தொங்கும் பாரத்துக்கு நேர் கீழே நிற்க வைக்கமாட்டார். அந்த இடத்தில்தான் வெளிச்சம் நன்றாக விழும் என்றாலும் சரி, நாடகமே கெட்டாலும் சரி. ஒத்திகை தொடங்குமுன் அண்ணாந்து பரணைப் பார்ப்பார். நான் மேலிருந்து கையசைப்பேன். அதன்பிறகுதான் உட்காருவார்.

அவர் எடுத்த மூன்று படங்களையும் என் மகள் நிவேதா தேடிக் கொடுத்தாள். அவள் வேறு ஊரில் படித்து, அங்கேயே வேலைக்குப் போய், இப்போது ஞாயிற்றுக்கிழமை குரலாக மட்டும் இருக்கிறாள். தமிழில் "சாப்ட்டியாப்பா" என்று கேட்பாள். நான் பதில் சொல்வதற்குள் இங்கிலீஷுக்குப் போய்விடுவாள். விடுமுறைக்கு வந்திருந்தபோது மூன்று படங்களையும் அவளும் நானும் ஒரே சோபாவில் உட்கார்ந்து பார்த்த மூன்று நாட்களைத்தான் சமீபத்தில் எனக்குக் கிடைத்த நல்ல நாட்கள் என்று சொல்லவேண்டும்.

முதல் படம் ஒரு பஞ்சாலை பற்றியது. ஷிஃப்ட் மாறும்போது சங்கு ஊதாது, ஒரு பெண் மணியடிப்பாள். இரண்டாவது ஒரு சிறிய ரயில் நிலையம். பரிசெல்லாம் வாங்கிய படம். அதில் கார்டு பச்சைக்கொடி மட்டும் காட்டுவார், ரயில் சத்தமில்லாமல் நகரும். மூன்றாவது ஒரு கால்பந்து நடுவரின் கதை. நடுவர் விசிலை வாயில் வைக்கும்போதெல்லாம் படத்தில் எல்லாச் சத்தமும் நின்றுவிடும்.

"இது அவரோட ஸ்டைல்ப்பா. மௌனத்தைப் பயன்படுத்தறார்" என்றாள் நிவேதா. விமர்சகர்களும் அதைத்தான் எழுதினார்களாம். ஒருவர் புத்தகமே போட்டிருக்கிறார். படத்தின் தயாரிப்பாளர்களோ, கால்பந்துப் படத்தில் விசில் இல்லாவிட்டால் ஜனங்கள் சிரிப்பார்கள், சேர்த்துவிடு என்று கெஞ்சினார்கள். இவர் முடியாது என்றார். சண்டை முற்றிப் படம் பாதி அரங்குகளில்தான் வெளியானது. அதன்பிறகு சினிமாவில் அவரை யாரும் கூப்பிடவில்லை. ஐம்பது வயதுகூட ஆகவில்லை அப்போது. மறுபடி நாடகத்துக்கே வந்து, கடைசியில் எங்கள் ஊரில் வீடு வாங்கித் தங்கிவிட்டார். ஓய்வு பெற்ற பிறகும் தினமும் அரங்குக்கு வருவார். ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்காது இல்லையா?

நிவேதா அதை ஸ்டைல் என்றாள். அந்தக் கிழவரின் முழங்காலில் சிந்திய காப்பியை நான் பார்த்திருக்கிறேன். ஸ்டைலுக்குக் கை நடுங்காது.

4

அவராகத்தான் ஒரு நாள் சொன்னார். மழை. அரங்கிலிருந்து அவரை வீட்டில் விடக் காரில் கூட்டிப்போனேன். வாசலில் வண்டியை நிறுத்தியும் இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

அந்தக் கடற்கரை அரங்கில் வேலை பார்த்தபோது அவர் ஒரு பெண்ணைக் காதலித்தார். ஒரு மத்தியானம் அவள் சரி என்று சொல்லிவிட்டாள். சந்தோஷத்தில் மேடையின் ஓரத்தில் நடந்துகொண்டே விசிலடித்தார். பரணில் இருந்தவர் பழைய கப்பல்காரர். காதில் விழுந்ததும் கயிற்றை விட்டார். மேடை நடுவே குனிந்து ஆணி அடித்துக்கொண்டிருந்த ஆர்தர் என்ற தச்சரின் மேல் மரச்சட்டம் விழுந்தது. கயிறு நழுவிவிட்டது என்று முடிவு கட்டினார்கள். பழி கப்பல்காரர் மேல் போனது. ஒரு விசில் கேட்டது என்று அவர் சொல்லிப் பார்த்தார். குடித்திருப்பாய் என்றார்கள்.

"நான் வாயே திறக்கவில்லை. அந்தப் பெண்ணையும் மறுபடி பார்க்கவில்லை. லண்டனுக்கு ரயில் ஏறினேன்" என்றார் பென்ஃபோல்ட். "அறுபது வயதில் ஆர்தரின் வீட்டைத் தேடிப் போனேன், சொல்லிவிடலாம் என்று. அந்த வீடு சலவைக்கடை ஆகிவிட்டது. ஏழெட்டு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. கடைக்காரி, துணி எங்கே என்று கேட்டாள். என்னிடம் துணி இல்லை. ஆர்தருக்குப் பிள்ளை கிடையாது, மனைவி எப்போதோ போய்விட்டாள் என்று பக்கத்துக் கடையில் சொன்னார்கள்."

கண்ணாடியில் வைப்பர் இங்கும் அங்கும் போய்க்கொண்டிருந்தது. அவர் என் பக்கம் திரும்பினார்.

"அன்றைக்கு நீ ஊதினாயே, பாலா. அது சும்மா ஊதியது இல்லை. பயந்தவன் ஊதுகிற விசில். ஏன்?"

தொண்டை வரைக்கும் வந்தது. கார் கதவு மூடியிருக்கிறது, உலகத்தில் யாருக்கும் கேட்காது, கேட்பவர் அதே குற்றத்தைச் செய்த, என்னைவிட முப்பத்தைந்து வயது மூத்தவர். இதைவிட நல்ல இடம் எனக்கு எங்கே கிடைக்கும்? நான் சொன்னேன்: "தொழிற்சாலைப் பழக்கம் சார்."

அவர் மிட்டாய் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "நான் நம்பவில்லை" என்றார். மறுபடியும் என்று சொல்லாமல் இறங்கிப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் உயிரோடு இருந்த ஆறு வருடத்தில் அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

5

இனி என்னுடையது.

மதியம் இரண்டு மணி இருக்கும். மாதேஷ் ஒரு மெஷினுக்குப் பக்கத்தில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போல்ட்டு இறுக்கிக்கொண்டிருந்தான். நான் ஒரு எஃகு அச்சைச் சங்கிலியில் கட்டிக்கொண்டிருந்தேன். சற்று முன்னால்தான் அவன் காகிதத்தில் மடித்த மாங்காய்ப் பத்தைகளை நீட்டியிருந்தான். உப்பும் மிளகாய்த்தூளும் போட்டது.

"தின்னுடா தெக்கத்தியான். உங்கூர்ல இந்த மாதிரி கெடைக்குமா?"

பெரிய பத்தை ஒன்று என் வாய் நிறைய இருந்தது. விசில் கழுத்தில் தொங்கியது. துப்பிவிட்டு ஊத வேண்டும். நாலடி தூரம்தானே நகர்த்தப் போகிறோம், என்ன ஆகிவிடப் போகிறது என்று கையை மட்டும் காட்டினேன். ஆபரேட்டர் தூக்கினார். சங்கிலி ஒரு பக்கம் முறுக்கியிருந்தது. அச்சு பக்கவாட்டில் ஆடிப் போய் அவனைத் தூணோடு சேர்த்து அடித்தது. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் மாங்காயைத் துப்பியது அவன் விழுந்த பிறகு.

விசாரணையில் கேட்டார்கள். "விசில் ஊதினாயா?"

"ஊதினேன் சார்."

பிரஸ் மெஷின்கள் ஓடுகிற சத்தத்தில் ஊதியதும் ஊதாததும் யாருக்குத் தெரியும்? ஆபரேட்டர், என் கையைத்தான் பார்த்தேன் என்றார். எச்சரிக்கை விசில் கொடுத்த பிறகும் தொழிலாளி விலகவில்லை என்று எழுதி மூடினார்கள். அப்போதே சுமதிக்கு இங்கிலாந்து வேலைக்கான கடிதம் வந்திருந்தது. போலீஸ் கேஸ் என்று வந்தால் எல்லாம் போய்விடும் என்று ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மைக் காரணம் பயம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். கல்லாவியில் நடந்த காரியத்துக்குப் போனவன், மஞ்சுளாவின் முகத்தைப் பார்க்காமல் பின்வாசல் வழியாகவே திரும்பினேன். ஒரு வயது மகள் பவித்ரா யார் இடுப்பிலோ உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள்.

இந்த நாட்டுக் குடியுரிமைக்கு ஒரு விண்ணப்பம் உண்டு, அனுமார் வால் அளவுக்கு நீளம். அதில் ஒரு கேள்வி. நீங்கள் நல்ல நடத்தை உள்ளவர் அல்ல என்று நினைக்க வைக்கும் காரியம் எதையாவது எப்போதாவது செய்திருக்கிறீர்களா? அப்போது பள்ளியில் படித்த நிவேதாதான் கம்ப்யூட்டரில் நிரப்பினாள். "அப்பா, இல்லதானே?" என்றாள். "இல்ல" என்றேன். அவள் அழுத்தினாள். என் குடியுரிமை என் மகள் விரலால் அழுத்திய பொய். இதை அவளிடமும் இப்போதுதான் சொல்லப் போகிறேன்.

பரணில் நிற்கிறவனுக்குக் கீழே இருப்பவர்களின் தலையும் முதுகும்தான் தெரியும். குனிந்து வேலை செய்கிற முதுகு எதைப் பார்த்தாலும் மாதேஷ்தான். ஒரு முறை மேடையில் நாலு பேர் குனிந்து தரையைத் துடைத்தார்கள், நாலு பேரும் அவன். பட்டப்பகலில், முழு விளக்கும் எரியும்போது. கயிற்றைக் கட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். கரேன் கீழிருந்து "பாலா, உடம்புக்கு என்ன?" என்று கத்தினாள். காலையில் சாப்பிடவில்லை என்றேன். பொய் சொல்வதில் எனக்கு நல்ல அனுபவம் வந்துவிட்டது.

6

போன வியாழக்கிழமை பென்ஃபோல்டின் வருட நினைவுக்கூட்டம் எங்கள் அரங்கில் நடந்தது. படங்களிலிருந்து துண்டுகள் போட்டார்கள். புத்தகம் எழுதிய விமர்சகர் வந்து மௌனத்தின் அழகு பற்றி அரை மணி நேரம் பேசினார். பிறகு கரேன் என்னைப் பேசக் கூப்பிட்டாள். மைக் முன்னால் நின்றேன். இங்கிலீஷ் முழுக்கப் போய்விட்டது, தமிழும் வரவில்லை. "நல்ல மனிதர். யாரையும் பாரத்துக்குக் கீழே நிற்க விடமாட்டார்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேன். கைதட்டினார்கள்.

அவருக்குச் சலவைக்கடைதான் கிடைத்தது. மஞ்சுளா உயிரோடு இருக்கிறாள், ஊத்தங்கரையில் இருக்கிறாள், போன் வைத்திருக்கிறாள். எனக்கு என்ன சாக்கு?

ஆசிரியர் நம்பர் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை காலை, அங்கே மத்தியானம், அழைத்தேன்.

"யாரு? பாலண்ணனா? அட, இத்தினி வருசம் கழிச்சா! எப்பிடி இருக்கண்ணா? அண்ணி, பாப்பா எல்லாம் சௌக்கியமா?"

"இருக்கோம் மஞ்சுளா. ஒரு விஷயம் சொல்லணும். கொஞ்சம் உக்காந்து கேளு."

"சொல்லுண்ணா. மாடியில மொளகா காயப் போட்டுனு இருக்கறன். கேக்குது."

எழுதி வைத்திருந்ததைப் படிக்கலாம் என்று நினைத்திருந்தேன். காகிதம் கையில் இருந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை.

"அன்னைக்கு நான் விசில் ஊதலை மஞ்சுளா. ஊதுனேன்னு பொய் சொல்லிட்டேன். பாரம் வர்றது மாதேஷுக்குத் தெரியவே தெரியாது. அவன் மேல ஒரு தப்பும் இல்லை. எல்லாம் நான் செஞ்சது."

திட்டப் போகிறாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். திட்டட்டும், சாபம் விடட்டும், போலீசுக்குப் போகட்டும்.

"இன்னொரு வாட்டி சொல்லுண்ணா."

சொன்னேன்.

"விசிலே ஊதலியா?"

"ஊதலை."

"அப்பன்னா அவுரு காதுல எதுவும் உழல."

"எப்படி விழும்? நான் ஊதவே இல்லையே."

மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. பிறகு மெதுவாகப் பேசினாள்.

"அண்ணா, அன்னிக்குக் காலைல எங்களுக்குள்ள சண்ட. நீ இருக்கறதும் ஒண்ணுதான், இல்லாததும் ஒண்ணுதான்னு நாந்தான் சொன்னன். ஒண்ணும் பேசாம ஷிஃப்டுக்குப் போயிட்டாரு. அப்பறம் கம்பெனிக்காரங்க வந்து, விசில் ஊதியும் நவுரலன்னு சொல்றாங்க. நவுரத் தெரியாத மனுசனா அவுரு? நான் சொன்னதுக்குத்தான் வேணும்னே நின்னுட்டாருன்னு இருந்தன். யாராண்டயும் சொல்லல. பவித்ரா பெரியவளாயி கேட்டப்பதான் அவகிட்ட மட்டும் சொன்னன். அவ எங்கிட்ட ரெண்டு வருசம் பேசல."

அவன் உயிரைத்தான் எடுத்தேன் என்று இத்தனை நாள் கணக்கு வைத்திருந்தேன். அந்தப் பொய் இன்னும் இரண்டு பேர் வீட்டில் இருபத்து மூன்று வருடம் குடியிருந்தது எனக்குத் தெரியாது.

"மஞ்சுளா..." என்றேன்.

அவள் கேட்கவில்லை. போனை எங்கேயோ வைத்துவிட்டு மாடிப்படியில் இறங்கி ஓடுகிற சத்தம் கேட்டது. கீழிருந்து அவள் குரல் வந்தது.

"பவித்ரா! அடியே பவித்ரா! உங்கப்பன் வேணும்னு சாவலடி!"

அதற்குப் பிறகு இரண்டு பேரும் அழுவதுதான் கேட்டது. என்னைத் திட்டுவதற்கு யாரும் போனுக்கு வரவில்லை. நான் வைக்காமல் நின்றுகொண்டிருந்தேன்.